முறிகண்டி என்று பெயர் வைத்தோம்

கரடிப்போக்குச் சந்தியில், உரக்கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். ஆறு மடிக்கணினி.
ஆறிலும் முழுக்கதையும் இருக்கிறது,
நெல் நிறுக்கும் செயலியின் முதல் வரியிலிருந்து
நேற்றிரவு சுகிர்தன் அழித்த காற்புள்ளி வரை.

"பிறகேன் ஏழாவது?" என்றாள் அபிதாரணி.
"ஒருத்தர் துலைச்சால் மற்ற அஞ்சு பேரிட்ட இருக்கும்.
ராசா இல்லாத ஊருக்கு
என்னத்துக்குக் கதிரை?"

கேள்வி சரி. அதனால் எட்டு மாதம்
பென்டிரைவை மோட்டார்சைக்கிளில் கொண்டு திரிந்தோம்.

மாசியில் அறுவடை.
ஈர நெல்லுக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ கழி என்று
மாங்குளத்தில் இருந்து எழுதினான் நிதர்சனன்.
மூன்று என்று விசுவமடுவில் யசோதினி.
இரண்டும் ஓடின. பிழை ஒன்றும் காட்டவில்லை.
அக்கராயனிலிருந்து வந்த மனிசன்
இரண்டு துண்டையும் மேசையில் விரித்து
"இதில எது நீங்கள்?" என்றார்.

ஆறு பேரிடமும் எல்லாம் இருந்தது.
எது என்பது மட்டும் இல்லை.

(எங்கள் பெரியப்பாமார் மூவரிடமும்
காணிப் படத்தின் கைப்பிரதி இருந்தது.
பதிவேடு எரிந்தபின் எடுத்துப் பார்த்தால்
மூன்றிலும் கிணறு வேறு வேறு பக்கம்.
இன்னும் பேசுவதில்லை அவர்கள்.)

வவுனியாவில் பழையதாக வாங்கிய சேர்வர்,
தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தோம்.
பெயர் என்ன என்று திரை கேட்டது.
முறிகண்டி என்று அடித்தேன்.

கண்டி வீதியில் பஸ் அங்கே நிற்கவேண்டும் என்று
சட்டம் இல்லை. நிற்காமல் போனால்
பொலிஸ் மறிக்காது. ஆனாலும் நிற்கும்.
சாரதி கற்பூரம் கொளுத்துவார்.
நடத்துனர் கச்சான் வாங்குவார்.
பின்சீற்றில் நித்திரை கொண்டவர் கண் திறந்து
எவ்விடம் என்று கேளாமலே
எவ்விடம் என்று அறிந்துகொள்வார்.

அவ்வளவுதான் அதன் வேலை.
இரவில் நாங்கள் தள்ளியதையெல்லாம்
ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். உடைந்தால் உடைத்தவருக்குச் சொல்லும்,
மற்றவர்களை எழுப்பாது.
சுகிர்தன் மடிக்கணினியோடு டோகாவுக்குப் பறந்தான்,
செவ்வாய் விடிய. அவனது கடைசிக் கிளை
திங்கள் இரவே இங்கே இறங்கியிருந்தது.
புதிதாய் வந்த பிள்ளை முதல்நாள்
"ஆரிட்ட புதுசு இருக்கு?" என்று கேட்கவே இல்லை.

ஐப்பசி மின்னலில் வன்தட்டு கருகியது.
"பாத்தீங்களா" என்றாள் அபிதாரணி.
யசோதினியின் மடிக்கணினியிலிருந்து
மத்தியானச் சாப்பாட்டுக்குள் மீட்டோம்.
அதே பெயர். வேறு பெட்டி.
கோயில் கல்லில் இல்லை என்று
அவள் வாயாலேயே வந்தது. பிறகு
சொன்னதற்காக வெட்கப்பட்டாள்.

கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும்.
இருட்டுக்குள் ஆறு பேரும் எழுதிக்கொண்டே இருப்போம்,
தனித்தனியே, ஒருவருக்கொருவர் முரணாய்.
கரண்ட் வந்ததும் எல்லோரும் ஒன்றாய்த் தள்ளுவோம்.
முந்தியவர் தப்பினார். பிந்தியவர்
உட்கார்ந்து முடிச்சவிழ்க்கட்டும்.

இன்று பிந்தியது நான்.
சேர்வரின் மேல் யாரோ
கச்சான் பை வைத்திருக்கிறார்கள்.
எறும்பு வரும் என்று சொல்லவேண்டும்.