வாடி என்றால் இருப்பாள்

ஐந்து கிலோவும் கொஞ்சமும்.
அரிசிப் பை ஒன்றின் கனம்தான்.
அரிசி இப்படிக் குரைக்காது.
கச்சேரியில் பக்கத்து மேசைச் சுரங்கி,
கணவனுக்குக் காலிக்கு மாற்றம் வந்த கிழமை
கூடையோடு கொண்டுவந்து தந்தாள்.
கடற்படைக் குடியிருப்பில் பிறந்த டெரியர்.
பெயர் டிக்கிரி.

கூடவே கலண்டர்த் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல்,
சிங்களத்தில், வட்டம் வட்டமாய்.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
வெங்காயம் கூடாது. மீன் முள் கூடாது.
மத்தியானத் தார் ரோட்டில் நடத்தக் கூடாது.
கடைசிச் சொல் மட்டும் பிடிபடவில்லை.
ஐப்பசியில்,
அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில்
அவள் நடுங்கிக்கொண்டு நின்றபோது புரிந்தது:
இடி.

முதல் நாள் பின்னேரம்
வாசலில் நின்று "வாடி" என்றேன்.
இருந்தாள்.
பின்னங்காலை மடித்து, கழுத்தை நிமிர்த்தி,
சோதனை மண்டபத்துப் பிள்ளைபோல.
"வாடி, வாடி."
இன்னும் இறுக்கமாய் இருந்தாள்.
அலுத்துப்போய்
"என்ன?" என்றேன்.
பாய்ந்து வந்து மடியில் விழுந்தாள்.

அவள் பழகிய மொழியில்
வாடி என்றால் இரு,
என்ன என்றால் வா.
நான் அந்த மொழியை முதலில் கேட்டது
காவலரண்களில்:
நில், இறங்கு, பையைத் திற.
வா என்பதையும் அங்கே கேட்டிருப்பேன்.
வாலாட்ட வைக்கும் குரலில் கேட்டதில்லை.

ஞாயிறு காலை உண்ணி பார்க்கும் நேரம்.
காதுமடலுக்குள், விரலிடுக்கில்,
ஊறிய குத்தரிசிபோல் ஊதியவை.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி மண்ணெண்ணெய்க்குள் போடுவேன்.
போன வைகாசியில் ஒன்று தப்பிவிட்டது.
ஈறு வெளிறி, தண்ணீரும் வேண்டாமென்று கிடந்தாள்.
டொக்டர் றிஸ்மி உப்புவெளியிலிருந்து
நோன்பு திறந்த கையோடு வந்து சேலைன் ஏற்றினார்.
இரண்டு இரவு குசினி நிலத்தில் படுத்தேன்.
சுரங்கிக்குச் சொல்லவில்லை.

பின் இடங்கால் சிரட்டை சிலவேளை வழுகும்.
அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்றில் துள்ளுவாள்,
நாலாவது ஒரு ஆடம்பரம் என்பதுபோல.
பிறகு தானே பொருந்திக்கொள்ளும்.
ஏற்றத்தில் நடக்க விடாதீர்கள் என்கிறார் டொக்டர்.
வீடோ உவர்மலையில்.
போகும்போது அவள் என்னை இழுப்பாள்,
வரும்போது நான் அவளைத் தூக்குவேன்.
அலுவலகச் சேலை முழுக்கப் பழுப்பு மயிர்.

டச்சுபே பக்கம் மான்களைக் கண்டால்
ஐந்து கிலோவும் ஐம்பதாகும்.
கொம்பு வைத்த ஒன்று
லஞ்ச்சீற்றை மென்றபடி திரும்பிப் பார்க்கும்,
இடமாற்ற விண்ணப்பத்தைப் பார்க்கும்
எங்கள் மேலதிகாரி மாதிரி.
பிறகு மறுபடி மெல்லும்.
வெற்றி தனக்கென்று டிக்கிரி நம்புகிறாள்.

முற்றத்தைத் தோண்டுவாள்.
எலி மணம் கிடைத்தால் விடிய விடியத் தோண்டுவாள்.
ஒருகாலத்தில் கிளறிய மண்ணைத்
தள்ளி நின்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.
நான் வாசற்படியிலேயே நின்று கத்துவேன்.
மூக்கில் மண்ணோடு நிமிர்வாள்,
சந்தோஷமாக,
வேறெதுவும் தெரியாமல்.

மாதத்தில் ஒருதரம் சுரங்கி எடுப்பாள்.
"சாப்பிட்டாளா?"
அவளிடம் மிச்சமுள்ள தமிழ் அவ்வளவுதான்.
"ஓவ், ஓவ்" என்பேன்.

நேற்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.
"டிக்கிரி, என்ன... என்ன..."
எழுந்தாள்.
போனை மணந்தாள், சுற்றி வந்தாள்,
மேசைக்குக் கீழே பார்த்தாள்.
கதவுக்குப் பின்னால் போய் அங்கேயே நின்றாள்.
காலியில் மழைபோலும்,
அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்.
அல்லது அது மழை இல்லை.

"என்ன?" என்றேன்,
சுரங்கியிடம்தான், தமிழில்தான்.

கதவை விட்டு வந்தாள் டிக்கிரி,
இடங்காலைத் தூக்கிக்கொண்டு,
மூன்று காலில்.