ஒன்பதைத் தலைகீழாக்கினால்

விடிய நாலரைக்கு
மார்க்கம் வீதியில் வெளிச்சம் எங்கள் கடையில் மட்டும்.
கையுறை போட்டுக்கொண்டு
நூற்றெண்பது டோனட்டுகளுக்குச்
சீனிப்பாகு பூசுகிறேன்.
விரலைக்கூட நக்கிப் பார்ப்பதில்லை,
பதினாலு மாதமாய்.

(இரண்டு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள்.
ஒன்று, உறைமழையில் பஸ் வராத நாள்.
மற்றது காரணம் இல்லாத நாள்.)

புறப்பட முன் குளியலறையில்
விரல் நுனியில் ஒரு குத்து.
மோதிரவிரல் மரத்துப்போனதால்
இப்போது சின்னவிரலின் முறை.
9.4.

இரவு சாப்பிட்டது
அவித்த முட்டை ஒன்று, கோவா வறை.
ஏழு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்.
நித்திரையில் வந்து
யார் எனக்கு ஊட்டினது?

ஈரல், என்றாள் உணவு ஆலோசகர் மரிசெல்.
நீங்கள் எழும்புவதற்கு முதல்
அது தானாகவே கொஞ்சம் சீனியை அவிழ்த்துவிடும்.
படம் கீறிக் காட்டினாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வீட்டில் சொல்லாமல்
சீட்டுக்காசை எடுத்து
ஊருக்கெல்லாம் கைமாற்றுக் கொடுக்கிற மனுசன் ஒருவன்
எனக்குள்ளேயே குடியிருக்கிறான்.

பிறந்தநாள் மண்டபத்தில் மச்சாள் கௌசலாதேவி
என் வெறுங் கோப்பையைப் பார்த்துச் சொன்னா:
"இவ்வளவு வாயைக் கட்டியும் ஏறுதென்றால்
பிறகென்ன, சாப்பிடு."
கேக் பெரிய துண்டு.
அதன் மேலே நீலக் கிரீமில் யாரோ பிள்ளையின் பெயரில் பாதி.

அன்றைக்குத்தான் தொடங்கியது.
மறுநாள் கொப்பியில்
ஒன்பது எழுதப் போன பேனை
வாலைக் கீழே விடாமல்
மேலே தூக்கிவிட்டது.
6.4.
நடை இல்லை, பட்டினி இல்லை,
ஒரு துளி நீல மை.
எவ்வளவு சுகம்.

மார்கழி முழுக்க ஆறு.
தை முழுக்க ஆறு.
மரிசெல் பக்கங்களைப் புரட்டிக் கைதட்டினாள்.
பிறகு முழங்கை மடிப்பில் இரத்தம் எடுத்தார்கள்.
இரத்தம் என் கொப்பியை வாசித்ததில்லை.
மூன்று மாதக் கணக்கு 8.1.
போன முறை 7.6.

அவள் கொப்பியைப் பார்த்தாள்,
தாளைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
"மீற்றர் பழுதாயிருக்கும், புதுசு தாறேன்."
ஒரு பாவமும் அறியாத மீற்றர்
அந்தப் பழியைப் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

பஸ்ஸில் நான் அழவில்லை
என்று எழுதினால்
அதுவும் ஒரு ஆறு.

வீட்டுக்கு வந்து
ஆறுகளை ஒவ்வொன்றாய் வெட்டினேன்.
அறுபத்திமூன்று.
அதில் நாலைந்து உண்மையான ஆறுகள்.
எனக்கு நல்ல ஞாபகம்,
ஒரு விடியலில் அப்படியொன்றைக் கண்டு
குளியலறையில் தனியே துள்ளியிருக்கிறேன்.
எது எதென்று இப்போது தெரியவில்லை.
அவற்றையும் சேர்த்து வெட்டியதுதான் நட்டம்.

ஞாயிறு
குரக்கன் பிட்டு அவித்தேன்.
முந்திப் போடுகிறதில் பாதி.
மற்றப் பாதிக்கு முருங்கையிலை வறை, மேலே சூடைமீன் குழம்பு.
பிட்டுக்குக் கறி என்பது போய்
கறிக்குக் கொஞ்சம் பிட்டு.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
பதினோராம் மாடியின் நடைகூடத்தில்
லிஃப்டிலிருந்து குப்பைக் கதவுவரை
இருபது தரம் நடந்தேன்.
யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
முதல் சுற்றில் பச்சை வாசம்,
பன்னிரண்டாவதில் பொன்னிறம்,
கடைசியில் கருகிவிட்டது, பாவம்.

இரண்டு மணித்தியாலம் கழித்து
8.8.

துள்ளுகிற இலக்கமில்லை.
ஒளிக்கிற இலக்கமும் இல்லை.
எழுதிவிட்டு, பழக்கதோசத்தில்,
கொப்பியைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தேன்.
எட்டுத்தான்.
திரும்பப் பிடித்தேன்.
எட்டுத்தான்.

நாளைக்கும் நாலரைக்கு நூற்றெண்பது.
கொண்டைக்கடலையை ஊறப்போட்டாயிற்று.
சின்னவிரலை ஆறவிட்டு
நடுவிரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன்.