குளவி இல்லை

கிளாக்கர் என்று பெயர் வைத்தவன் என் மகன் புவிதரன்.
லயத்துக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரையும்
குரைத்துக் குரைத்துப் பதிந்துகொள்ளும் நாய்.

மழை பிடித்த கிழமை
அதன் வலக்கண்ணுக்குக் கீழே வீங்கியது.
"குளவிதான்" என்றார் அஞ்சாம் காம்பரா தங்கையா.
போன மாதம் மேல்மலையில்
எங்கள் நாலு பேரைக் கொட்டி
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.
குளவி என்று சொன்னால்
இங்கே யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

சுண்ணாம்பு தடவினேன்.
மூன்றாம் நாள் வற்றியது.
பிறகு மறுபடி, அதே இடத்தில்.

தேடிவந்து ஒரே இடத்தில்
இரண்டு தரம் கொட்டுமா குளவி?
கேட்டிருக்க வேண்டும்.
கேட்க நினைத்த நேரம் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு சாயந்தரம் ரொட்டித் துண்டைப் போட்டேன்.
வாங்கி, தலையைச் சாய்த்து
இடப்பக்கமாகவே மென்றது.
நழுவ விட்டது. பார்த்தது. எடுத்தது.
திரும்பவும் விட்டது.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
இரண்டு வருசமாய்
ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு
நானும் அப்படித்தான் தின்கிறேன்.

அன்றிரவு சிறுத்தை வந்து போயிருக்கிறது.
லீக்ஸ் பாத்தியில் காலடி
என் உள்ளங்கை அகலம்.
கிளாக்கர் பதியவில்லை.
திறந்தால் வலிக்கும் வாயை
அது திறக்கவேயில்லை.

படுத்த சாக்கில் எச்சில், எச்சிலில் ரத்தம்,
கிட்டப் போனால் அழுகின வாடை.
உதட்டைத் தூக்கப் போனேன்.
என் மணிக்கட்டைப் பற்களுக்கிடையில் வாங்கி
கடிக்காமல் வைத்திருந்தது.
வேண்டாம் என்பதை
அவ்வளவு மெல்லவும் சொல்லலாம்.

பனடோலை உடைத்து
வாழைப்பழத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.
"பொறுங்கம்மா" என்று புவிதரன்
டவுன் மிருக வைத்தியருக்கு போன் போட்டான்.
பழத்தை வீசச் சொன்னார்கள்.
நம் மாத்திரை அதற்கு நஞ்சு, பாதிகூட வேண்டாம்,
நாயைக் கொண்டு வா.

பஸ்ஸில் ஏற்றவில்லை.
கொழுந்துக்குக் கட்டும் படங்கில் சுற்றி
ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன்.
வளைவுக்கு வளைவு முனகியது.
அன்றைக்குப் பேர் இல்லை.

டொக்டர் நிலூக்ஷி, தமிழைத் தேடித் தேடிப் பேசுகிற பிள்ளை,
ஊசி போட்டு மயக்கி வாயைத் திறந்து காட்டினார்.
"குளவி இல்ல அம்மா. பல்லு."
மேல்வரிசையில் பெரியது, பிளந்து கிடந்தது.
வேரில் கட்டிய சீழ்தான்
கண்ணுக்குக் கீழே வந்து நின்றிருக்கிறது.
"எலும்பு குடுத்ததா?"
குடுத்தேன். முனியாண்டி பூசைக் கிடாயின் கால் எலும்பு.
ஆசையாய்க் குடுத்தேன்.

"எத்தனை நாள்?"
எனக்கு நாள்கள் கிலோவில்தான் ஞாபகம்.
வீங்கிய அன்று பதினெட்டு.
வற்றிய அன்று இருபத்தொன்று.
ரொட்டி விழுந்த அன்று பதினொன்று, அரைப் பேர்.
அவர் விரல்விட்டு எண்ணி,
திட்டவில்லை, அதுதான் சுட்டது.

"நாய் அழாது அம்மா.
தின்ன வரும், தின்னாமப் போகும். அதுதான் அழுகை.
வாயில ரத்தம், முகத்தில வீக்கம் கண்டா
நாளைக்குன்னு சொல்ல வேணாம்."

பிடுங்கிய பல்லைக் கடதாசியில் மடித்துத் தந்தார்.
இரண்டு துண்டு, மூன்று வேர்.
இவ்வளவு ஆழத்திலா வலித்தது?
போகிற போக்கில் என் கன்னத்தைப் பார்த்தார்.
"அம்மாவுக்கும் வீக்கமா?"
குளவி என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.

பத்து நாளைக்குக் குழைந்த சோறு, பருப்புத் தண்ணி,
காலை மாலை மருந்து.
எட்டாம் நாள் நடுச்சாமம்
குரைக்கத் தொடங்கியது,
விட்ட கணக்கையெல்லாம் ஒரே இரவில் எழுதுவதுபோல.
தங்கையா சுவரில் தட்டினார்:
"அந்த நாயின் வாயைக் கட்டு, ரெங்கம்மா!"

கட்டவில்லை.
கராம்பு டப்பியைத் துழாவினேன். காலி.
இருட்டில் நாக்கு நுனியால்
என் பல்லைத் தொட்டுப் பார்த்தபடி
விடியக் கேட்டுக்கொண்டிருந்தேன்.