சீட்டுக் காசு

சீட்டுக் காசைக் கேட்கத்தான் போனேன்.
லா சப்பலில், தண்டவாளப் பக்கத்து ஒழுங்கையில்
ஞாயிறு மட்டும் நண்டு வைக்கும் கடை.
கிருபா எனக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தான்.

மேசையில் விரித்த இலவசப் பேப்பரில்
மரண அறிவித்தல் பக்கம்.
படத்திலிருந்தவரை மெல்லத் திருப்பிப் போட்டேன்;
மறுபக்கம் நகைக்கடை.

முருங்கையிலை மிதக்கும் குழம்பு வந்தது
சட்டியோடு.
கொடுக்கை உடைக்கக் குழவி ஒன்று,
மூன்று மேசைக்கும் அதுதான்.
"அண்ணை, முடிஞ்சா இங்காலை தாங்கோ."

எண்ணூறு ஈரோ என்று தொடங்கினேன்,
வாய்க்குள் ஓடு.
நண்டு தின்கிறவனிடம் கறாராய் இருக்க முடியாது,
தானும் தின்றுகொண்டு
அறவே முடியாது.
முழங்கை வரை வழிகிறது.
மூக்கு ஒழுகுகிறது, துடைக்கக் கை இல்லை.

அவன் சட்டைப் பையில் போன் அலறியது.
பக்கத்து மேசை அக்கா சலித்தபடி எடுத்து
ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்:
"அவரிட்டைக் காசைக் குடுத்திட்டீங்களோ?"
கடையே மெல்லுவதை நிறுத்தியது.

கிருபா பேசவில்லை.
சினை நிறைந்த ஓடொன்றை
என் சோற்றில் கவிழ்த்து
விரலால் வழித்துவிட்டான்.

பில் வந்தபோது இருவர் கையிலும் குழம்பு.
கழுவியதில்
என் கைதான் முதலில் காய்ந்தது.

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை.
திங்கள் காலை மெட்ரோவில்
கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
பக்கத்தில் நின்ற பெண் ஒருமுறை முகர்ந்து
என்னைப் பார்க்கிறாள், பிறகு என் கையை.

காசு வரவில்லை.
வாற ஞாயிறும்
கேட்கப் போகவேண்டும்.