மீன் தராசில்

நேற்று ட்ரவுட் தொங்கிய கொக்கியில்
ரிவால்வரை மாட்டித் தூக்கினேன்.
பன்னிரண்டு அவுன்ஸ்.
"கறிக்குக் காணாது, ஆற்றிலேயே விட்டுடு"
என்றார் கடைக்காரர் ஆர்வில்.

எஃகில் ஒன்று ஏற்கெனவே உண்டு. நல்ல கனம்.
போன ஜூனில், ஐடஹோ மலைக்குள்,
முழங்கால் நீரில் நான் உறைந்து நிற்க
கரையில் கரடி என் கூடையை முகர்ந்தபோது
அது நான்கு மைல் கீழே
வண்டியின் இருக்கைக்குக் காவல் இருந்தது.

இது இடுப்பில் இருப்பதே தெரியாது.
சுட்டால் தெரியும் என்று
கடைக்குப் பின்னால் அழைத்துப்போனார்.
மூன்று தோட்டாக்கள்.
முதலாவதில் மணிக்கட்டு அலறியது.
இரண்டாவது எங்கே போனதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
மூன்றாவதை அவர் கையிலேயே வைத்துவிட்டேன்.

கனம் எங்கும் போய்விடவில்லை.
நடக்கும்போது தராத கூலியை
சுடும்போது பிடுங்கிக்கொள்கிறது.

ஆனாலும் வாங்கினேன்.
மார்பு வாரில் மிளகாய்ப் புகைக் குப்பி,
இடுப்பில் அது, தோளில் தூண்டில்.
ஓடை திரும்பும் புதர்தோறும்
உரக்கப் பேசிக்கொண்டே நடக்கிறேன்:
முட்டை விலை, கூரை ஒழுகல்,
மைத்துனி டார்லா திருப்பித் தராத எண்பது டாலர்.

இந்தப் பள்ளத்தாக்கின் கரடிகளுக்கு
டார்லாவைப் பற்றி
இப்போது எல்லாம் தெரியும்.