ஒன்பதாவது முழம்

திம்மராயன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
ஓசூருக்குக் கம்பெனி பஸ் ஓட்டப் போன பிறகு
டிராக்டர் பதினோரு நாள் புளியமரத்தடியில் நின்றது.
வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

முன்னால் ஓட்ட எனக்கு ஒரு வாரம் பிடித்தது.
அதில் பெருமைப்பட ஏதுமில்லை,
முன்னால் போகக் கண் போதும்.
ரிவர்ஸில்தான் சிக்கல்.
வைகாசி பிறந்தால் காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள்
ரோடு வரைக்கும் நிற்கும்.
இறக்கும் மேடைக்கு டிரெய்லரைப்
பின்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்,
இரண்டு தூண்களுக்கு நடுவே,
இருபது டிரைவர்கள் வேடிக்கை பார்க்க.

இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகிறது.
வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம்.
சொல்ல எளிது. கை ஒப்புக்கொள்வதில்லை.
முப்பத்தாறு வருஷம்
இடது என்றால் இடது என்றே வாழ்ந்த கை.
கோணலைத் திருத்தத் திருத்த இன்னும் கோணி
டிரெய்லர் என் தோளோரம் வந்து நிற்கும்,
கறவைக்கு உடன்படாத மாடு
பக்கவாட்டில் திரும்பி நிற்பதைப் போல.

ஏரி வற்றிக் கிடக்கிறது, அதுவே என் மைதானம்.
தூண்களுக்குப் பதிலாக இரண்டு நீல டிரம்.
முதல் நாள் இரண்டையும் சாய்த்தேன்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் ஒன்றை நசுக்கினேன்
(தக்காளிக்கு மருந்து கலக்கும் டிரம்,
வீட்டில் இன்னும் சொல்லவில்லை).
ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாதப்பன்
என்ஜின் சத்தம் கேட்டதுமே
அத்தனையையும் ஓட்டிக்கொண்டு
எதிர்க்கரை மேல் ஏறிவிட்டான்.

"சாண் ஏறினா முழம் சறுக்கும், விட்டுடு"
என்றார் இவர், பெங்களூரிலிருந்து, போனில்.
சிரித்துவிட்டேன்.
நான் கற்பதே அந்தச் சறுக்கலைத்தான்.
ஒரு முழம் கோணாமல் சறுக்கினால்
அன்றைக்கு எனக்கு அது ஏற்றம்.

இறங்கி அளக்கிறேன்.
சக்கரத் தடம் எதுவரை நேராக வந்திருக்கிறதோ அதுவரை,
குனிந்து, முழங்கை மண்ணில் பட,
பூக்காரி அளப்பது மாதிரி,
ஆனால் விரலை மடக்காமல்.
மூன்று முழம். மூன்று. இரண்டரை.
தூறல் போட்ட அன்று ஒன்றுமே இல்லை.
பிறகு ஆறு.
ஐந்து நாள் அந்த ஆறிலேயே நின்றது.
மூன்றுக்கு நான் அழுததில்லை,
ஆறுக்கு அழுதேன்,
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து,
ஹாரன் அழுந்திவிடாமல் பார்த்துக்கொண்டு.

நேற்று எட்டு. இன்று ஒன்பது.

ஆலை மேடைக்கு நாற்பது வேண்டும்.
நாற்பதிலிருந்து ஒன்பதைக் கழிக்க எனக்குத் தெரியும்.
கழிக்கவில்லை.
எட்டோடு ஒன்றைக் கூட்டினேன்,
இரண்டு தரம்.

அந்த ஒன்பதாவது முழத்தில் நடந்ததை
யாரும் கேட்டால் விளக்கத் தெரியாது.
டிரெய்லர் கோணப் போகிறது என்பது
அது கோணும் முன்பே என் இடுப்புக்குத் தெரிந்தது.
கை, என்னைக் கேட்காமலே,
தப்பான பக்கம் ஒரு விரற்கடை திரும்பியது,
அதாவது, சரியான பக்கம்.
பத்தாவதில் யோசித்தேன். மடிந்துவிட்டது.

வெயில் இறங்க இன்னும் நேரமிருக்கிறது.
டிரம்மை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால்
மாதப்பன் இந்தப் பக்கக் கரையில் உட்கார்ந்து
பீடி பற்றவைக்கிறான்.
போன வாரம் மதகு வரை வந்திருந்தான்,
முந்தாநாள் வேலிக்காத்தான் புதர் வரை.
ஒரு வார்த்தை பேசியதில்லை, இன்றும் பேசவில்லை.
அவன் ஆடுகள் டிரம்முக்குப் பத்தடி தள்ளி.

ரிவர்ஸ் கியர் போட்டேன்.
ஒரு கருப்பு வெள்ளாடு
தலை தூக்கிப் பார்த்தது,
பார்த்துவிட்டு
மறுபடி மேயக் குனிந்தது.