இழுத்த வண்டி

தஞ்சோங் பூங்கா, இரவு பத்து நாற்பது.
அடுக்குமாடியின் நிலவறையில், பதினேழாம் தூணோரம்
மஞ்சளாய்ப் படுத்திருந்தது.
ஆறு மாதத் தவணை பாக்கி.
போலீஸ் ரிப்போர்ட் என் சட்டைப்பையில்.

பதினோரு வருடத் தொழிலில்
மைவி இழுத்திருக்கிறேன், சாகா இழுத்திருக்கிறேன்,
பின்சீட்டில் பாதிக் கேக்கோடு ஒரு வீராவை இழுத்துவிட்டு
இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.
லம்போர்கினி இதுதான் முதல்.
ஏற்றிப்போக வரவேண்டிய லாரி
தைப்பிங்கில் படுத்துவிட்டது.
"நீயே ஓட்டிட்டு வந்துரு ஜெகா,
கீறல் விழுந்தா உன் தலை" என்றார் முதலாளி.
எண்ணெய்க்கு நூறு வெள்ளி அனுப்பினார்.

குணாளன் கைலியோடு இறங்கி வந்தார்.
கத்துவார் என்று நினைத்தேன்,
கத்துகிறவர்கள் எனக்குப் பழக்கம்.
இவர் சாவியைக் கைலியில் துடைத்துக் கொடுத்தார்.
"எஞ்சின் சூடாகுற வரைக்கும் மிதிக்காதீங்க.
மேடு வந்தா இந்தப் பட்டன். மூக்கைத் தூக்கும்.
அஞ்சு விநாடி எடுக்கும்.
அவசரப்படாதீங்க."
அவ்வளவுதான். லிஃப்ட் அவரை மூடிக்கொண்டது.

பாலத்தில் கடல் தெரியவில்லை.
அவ்வளவு தாழ்வு.
தடுப்புச்சுவர் மட்டும் ஓடிக்கொண்டே வந்தது.
மைவியில் போனால் கப்பல் விளக்கெல்லாம் தெரியும்.

ஜூரு டோலில் அட்டை எட்டவில்லை.
கதவை வானத்துக்குத் திறந்து
பாதி உடம்போடு எழுந்து நின்று தொட்டேன்.
பின்னால் கோழி லாரிக்காரன்
ஹாரனில் கையை வைத்துச் சிரித்தான்.
அடுத்த வரிசையில் ஒரு பழைய கஞ்சில்
நோகாமல் தாண்டிப் போனது.
அதற்கும் இதற்கும் ஒரே டோல்.

புக்கிட் மேரா தாண்டியதும் மழை.
போன் அடித்தது.
மேம்பாலத்தடியில் ஓரங்கட்டி எடுத்தேன்.
"மழையா?"
"மழைதான்."
"இடது வைப்பர் கொஞ்சம் கத்தும்.
பயப்படாதீங்க."
அவர் பக்கம் டிவியில் யாரோ செய்தி வாசித்தார்கள்.
நான் சரி என்றேன். அவரும் சரி என்றார்.
யார் முதலில் வைப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் இருவரும் வைக்காமல் இருந்தோம்.

மெனோரா குகையில்
ஒரே ஒரு தடவை மிதித்தேன்.
சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.
சத்தம் சுவரில் மோதித் திரும்பி
என் கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்தது.
இருக்கை குணாளனின் இடுப்பளவுக்குப் பழகியிருந்தது.
என் முதுகு அதில்
ஓர் இரவு வாடகைக்கு இருந்தது.

நூறு வெள்ளியை அது ஈப்போவிலேயே தின்றுவிட்டது.
தாப்பாவில் என் காசு நாற்பது போட்டேன்.
கல்லூரிப் பையன்கள் மூவர், கையில் மைலோ.
"அண்ணே, உங்க காராண்ணே?"
"ஆமா."
வாய் முந்திக்கொண்டது.
"என்ன வேலைண்ணே?"
"வண்டி வியாபாரம்."
ஒருத்தன் உள்ளே உட்காரட்டுமா என்றான்.
செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறினான்.
நான் சொல்லவே இல்லை.
அவன் இறங்கும்வரை
அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சோங் மாலிம், ரவாங்,
வழி முழுக்க லாரிகளும் நானும்.
ஜாலான் டூத்தாவில் மறுபடி எழுந்து நின்றேன்.
இந்தத் தடவை கூச்சமில்லை.

செகாம்புட் கிடங்கு, நாலு பத்து.
நேபாளிக் காவலாளி நாற்காலியில் தூங்கினான்.
எழுபது சாகாக்கள், வால்பிடித்த வரிசையில்.
வாசலில் ஒரு மேடு,
நாளைக்கு ஏலத்துக்குப் போகிற வண்டி,
பார்க்க ஆளில்லை.
பட்டனை அழுத்தினேன்.
ஒன்று. இரண்டு.
மூக்கு மெல்ல எழுந்தது.
ஐந்துவரை காத்திருந்து
உள்ளே விட்டேன்.

படிவம் நிரப்பினேன்.
கீறல்: இல்லை.
உள்ளிருந்த பொருள்: இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தை
பதினோரு வருடமாகக் காலியாகவே விட்டிருக்கிறேன்.
பேனா கொஞ்சம் தயங்கியது.
பிறகு எழுதினேன்:
இடது வைப்பர் கத்தும்.
பயப்பட வேண்டாம்.